கர்ப்ப காலத்து மரபணுப் பரிசோதனை: செய்வதா, வேண்டாமா என்று தவிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் முதல் கரு 9-வது வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை 7-வது வாரத்தில் ரத்தக்கசிவு. அதைத் தாண்டினால் 12-வது வாரத்தில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) இருக்கும் வாய்ப்பு 'ஹை ரிஸ்க், 1:112' என்று ஒரு ரிப்போர்ட். அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்ததில், மடிப்பு விழுந்த இடத்தில் எண்ணே தேய்ந்துபோனது. அப்புறம் தோழியின் தங்கை, கூட வேலை பார்ப்பவரின் மனைவி என்று யாராவது என்னை அழைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"அக்கா, ஸ்கிரீனிங்னு சொல்றாங்க, டயக்னாஸ்டிக்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்கிரீனிங் ஒரு சல்லடை மாதிரி. வாய்ப்பு அதிகமா, குறைவா என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். அம்மாவின் ரத்தமும் ஒரு ஸ்கேனும் போதும். குழந்தைக்கு ஆபத்து கிடையாது. என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர், குவாட்ருபிள் மார்க்கர், என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்தில் இருக்கும் கருவின் டி.என்.ஏ.யைப் பார்ப்பது) எல்லாமே இந்த வகை.

டயக்னாஸ்டிக் என்பது 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று உறுதி செய்யும் பரிசோதனை. நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்தால் அது சி.வி.எஸ். பனிக்குட நீரை எடுத்தால் அது ஆம்னியோ. இரண்டிலுமே வயிற்றுக்குள் கருவி போகிறது. கரு கலையும் ஆபத்து சிறிய அளவில் உண்டு. தயக்கமெல்லாம் இந்த இடத்தில்தான் வருகிறது.

"எந்த டெஸ்ட் எந்த வாரத்துல?"

என்.ஐ.பி.டி.யை 10-வது வாரத்திலிருந்து எடுக்கலாம். என்.டி. ஸ்கேனுக்கு 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் நேரம்; குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் அளவைப் பார்க்கிறார்கள். அதோடு சேர்த்து எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் டபுள் மார்க்கர். சி.வி.எஸ். ஏறக்குறைய 11 முதல் 14 வாரத்துக்குள். குவாட்ருபிள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை 15 வாரத்துக்கு மேல். ஆம்னியோவும் 15 வாரம் முடிந்த பிறகுதான். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ரத்தம் கொடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் உங்கள் வயது, எடை, கர்ப்பத்தின் நாள் கணக்கு, ஐ.வி.எஃப். கருவா, இரட்டையா எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். இவை எல்லாம் கணக்கில் சேர்கின்றன. தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால், கொடுத்தவரின் வயதைத்தான் எழுத வேண்டும்.

"1:112, ஹை ரிஸ்க்னு வந்திருக்கு. என் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கா?"

எனக்கு வந்த அதே எண். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இதே மாதிரி ரிப்போர்ட் வந்த 112 தாய்மார்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். மீதி 111 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது. ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 'ஹை' என்ற வார்த்தை பயமுறுத்துகிறது. ஆனால் அது பரிசோதனைக் கூடம் போட்ட ஒரு கோட்டைத் தாண்டியதைத்தான் குறிக்கிறது. சில இடங்களில் 1:150 என்பது கோடு, சில இடங்களில் 1:250. 1:200 என்று வந்த ஒருவர், ஓர் இடத்தில் ஹை ரிஸ்க், இன்னோர் இடத்தில் லோ ரிஸ்க்.

முதல் மூன்று மாதச் ஸ்கிரீனிங்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு 'ஹை ரிஸ்க்' என்று வரும்படிதான் அந்தக் கோடே போடப்படுகிறது. அந்த 5 பேரில் பெரும்பாலோருக்குக் குழந்தை நன்றாகவே இருக்கும். இதை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால், இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க மாட்டேன். ஆனால் அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. அடுத்த படிக்குப் போவதா என்று யோசிக்க அது ஒரு காரணம்.

"எனக்கு 26 வயசுதான். குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்லை. எனக்கு எதுக்கு இது?"

வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாய்க்கு 20 வயதில் சுமார் 1,500-ல் 1, 35-ல் சுமார் 350-ல் 1, 40-ல் சுமார் 100-ல் 1. ஆனால் இளம் வயதில் அது பூஜ்யம் ஆவதில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும் பெரிய பாதுகாப்பு இல்லை. டவுன் சிண்ட்ரோமில் 95 சதவீதம் பரம்பரையாக வருவதில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது 21-வது குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில் ஒன்று) சரியாகப் பிரியாமல் போவதால் வருகிறது.

"ஆரம்பத்துல ரத்தக்கசிவு இருந்துச்சு. நான் ஏதோ தப்பு பண்ணினதாலதான் இப்படி வந்துச்சா?"

அழுதுகொண்டே கேட்பார்கள் இதை. நானும் கேட்டிருக்கிறேன். மாடிப்படி ஏறினேன், கனமான பையைத் தூக்கினேன், பயணம் போனேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன்.

மேலே சொன்னபடி, குரோமோசோம் பிரிவதில் வரும் அந்தத் தவறு பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே, அதாவது கரு தரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நீங்கள் படுத்தே கிடந்திருந்தாலும் ஓடியிருந்தாலும் குரோமோசோம் எண்ணிக்கை மாறியிருக்காது. ஆரம்ப வாரங்களில் ரத்தக்கசிவு பலருக்கு வருகிறது. அவர்களில் நிறையப் பேர் முழு மாதமும் சுமந்து நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்: முதல் ஸ்கேனில் இரண்டு கருக்கள் தெரிந்து ஒன்று வளராமல் நின்றிருந்தால், அது சில பரிசோதனைகளின் முடிவைக் குழப்பும்.

"நேரா என்.ஐ.பி.டி. எடுத்துட்டா போதாதா? 99 சதவீதம் சரியா வரும்னு போட்டிருக்கே!"

அருமையான பரிசோதனைதான். தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று ஆய்வாளர் டெனிஸ் லோவும் அவரது குழுவினரும் 1997-ல் வெளியிட்டார்கள். 2011-லிருந்து அது பரிசோதனையாகப் புழக்கத்துக்கு வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் 99-ஐ அது கண்டுபிடித்துவிடும். டபுள் மார்க்கரும் என்.டி.யும் சேர்ந்தாலும் 85 முதல் 90 வரைதான்.

ஆனால் '99 சதவீதம்' என்பதைப் பலரும், 'பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் இருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கைப் பாருங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பு உள்ள இளம் வயதுப் பெண்கள் 10,000 பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள். உண்மையாகவே பாதிப்பு உள்ள 10 பேரையும் அது பிடித்துவிடும். ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டினால், பாதிப்பு இல்லாத இன்னும் 10 பேர் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். ஆக, பாசிட்டிவ் வந்த 20 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை! நூற்றில் ஒருவருக்கு வாய்ப்பு உள்ள 40 வயதுக்காரர்கள் 10,000 பேர் என்றால், 100 உண்மை, 10 தவறு. அங்கே பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் உண்மைதான். ஒரே பரிசோதனை, ஒரே துல்லியம். வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. எட்வர்ட்ஸ், பட்டாவ் (18-வது அல்லது 13-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலைகள்) மாதிரி அரிதானவற்றில் தவறான பாசிட்டிவ் இன்னும் கூடுதல்.

இன்னொன்று. அந்த டி.என்.ஏ. வருவது நஞ்சுக்கொடியிலிருந்து. நஞ்சுக்கொடியில் மாற்றம் இருந்து குழந்தையிடம் இல்லாமல் போவதும் நடக்கும். அதனால் என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் என்பதை மட்டும் நம்பி எந்தப் பெரிய முடிவும் எடுத்துவிடாதீர்கள். உறுதி செய்யச் சி.வி.எஸ். அல்லது ஆம்னியோ வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

"என்.ஐ.பி.டி.யில 'ரிசல்ட் கிடைக்கலை'ன்னு வந்துடுச்சு. கெட்ட செய்தியை மறைக்கிறாங்களா?"

மறைக்கவில்லை. உங்கள் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. பங்கு சுமார் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல கூடங்களில் முடிவு சொல்ல மாட்டார்கள். வாரம் முன்னதாக இருந்தாலோ, அம்மாவின் உடல் எடை கூடுதலாக இருந்தாலோ இப்படி நடக்கும். பெரும்பாலும் மறுபடி ரத்தம் எடுத்தால் வந்துவிடும். இரண்டாவது முறையும் வரவில்லை என்றால், சில குரோமோசோம் கோளாறுகளிலும் அந்தப் பங்கு குறையும் என்பதால், மருத்துவரோடு உட்கார்ந்து அடுத்த படியைப் பேசுங்கள்.

"ஆம்னியோ ஊசி குழந்தை மேல குத்திடாதா? கலைஞ்சிடாதா?"

நான் அந்த மேசையில் படுத்திருக்கிறேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தபடியேதான் ஊசியைச் செலுத்துகிறார்கள். திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் குழந்தை ஒரு காலை நீட்டியபடி அந்த இடத்திலேயே இருந்ததால் மருத்துவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். கால் மடங்கியது. "இப்போ" என்றார். மாதவிடாய் நேரத்து வலி மாதிரி ஒரு அழுத்தம். ஊசி உள்ளே இருந்தது ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. வைக்கோல் நிறத்தில் நீர் சிரிஞ்சில் ஏறியது. 15 முதல் 20 மில்லி வரைதான் எடுப்பார்கள், அது சீக்கிரமே ஊறிவிடும். ரத்தம் எடுக்கும் ஊசியின் பருமன்தான்; நீளம்தான் அதிகம்.

கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்று என்று பழைய நூல்களில் இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் செய்தால் இதனால் கூடும் ஆபத்து இருநூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 'இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உங்கள் ரத்தம் நெகட்டிவ் பிரிவு என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும், ஞாபகப்படுத்துங்கள். வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், நீர் கசிவு, ரத்தப்போக்கு, விடாத வலி எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"ஆம்னியோவா, சி.வி.எஸ்.ஸா?"

சீக்கிரம் தெரிய வேண்டும் என்றால் சி.வி.எஸ். ஆனால் அதில் எடுப்பது நஞ்சுக்கொடித் திசு. மேலே சொன்ன நஞ்சுக்கொடிச் சிக்கல் இங்கேயும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், அப்போது ஆம்னியோவும் செய்ய வேண்டியதாகிவிடும். என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் ஆகி, ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை என்றால், ஆம்னியோவுக்குக் காத்திருக்கும்படி சிலர் சொல்வது இதனால்தான்.

"ஸ்கேன்ல மூளையில நீர்க்கட்டி, இதயத்துல வெள்ளைப் புள்ளின்னு எழுதியிருக்காங்க. ஐயோ!"

பயப்படாதீர்கள். இவற்றை மென்குறிகள் என்பார்கள். நலமான குழந்தைகளிடமும் அடிக்கடி தெரியும். மூளையில் சொல்லும் அந்தச் சிறு நீர்க்கட்டி பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். ஸ்கிரீனிங் நன்றாக வந்து, ஸ்கேனில் வேறு எதுவும் இல்லாமல், இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் பொதுவாக ஆம்னியோ தேவைப்படாது. பின்கழுத்து நீர் 3.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, ஏதாவது உறுப்பின் அமைப்பிலேயே கோளாறு தெரிந்தாலோ கதை வேறு. அங்கே எண்களைப் பார்க்காமல் நேராக உறுதிப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவார்கள்.

"நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்க. என்.ஐ.பி.டி. நார்மல்னா நிம்மதியா இருக்கலாமா?"

வழக்கமான என்.ஐ.பி.டி. பார்ப்பது குரோமோசோம் எண்ணிக்கையை. நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் கவலை வேறு: இருவருமே ஒரே மரபணுக் குறையைச் சுமந்திருக்கும் வாய்ப்பு. தலசீமியா என்ற ரத்த நோய் ஒரு உதாரணம். பெற்றோர் இருவரும் கேரியர், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் குறையை மட்டும் சுமப்பவர்கள் என்றால், குழந்தைக்கு நோய் வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது.

இங்கே முதலில் செய்ய வேண்டியது உங்கள் இருவரின் ரத்தப் பரிசோதனை. மரபணுவில் மாற்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சி.வி.எஸ்.ஸிலோ ஆம்னியோவிலோ அதைத் தேட முடியும். குடும்பத்தில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால் அதன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

"எல்லா ரிசல்ட்டும் நார்மல். இனிமே பயமே இல்லைதானே?"

தேடிய கோளாறுகள் இல்லை என்று அர்த்தம். அதுவே பெரிய நிம்மதிதான். ஆனால் 'குழந்தை முழு நலம்' என்று எந்தப் பரிசோதனையும் எழுதித் தராது. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 3 பேருக்கு ஏதாவது ஒரு பெரிய பிறவிக் கோளாறு இருக்கும். அதில் குரோமோசோம் காரணம் ஒரு பகுதிதான். இதய ஓட்டை, பிளவு உதடு இவற்றை அனாமலி ஸ்கேன்தான் பார்க்க வேண்டும். ஆட்டிசத்தைக் கர்ப்பத்தில் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை.

"மைக்ரோஅரேன்னு ஒண்ணு பண்ணச் சொல்றாங்க. கூடுதலாத் தெரிஞ்சா நல்லதுதானே?"

ஸ்கேனில் கோளாறு தெரிந்திருந்தால் நல்லதுதான். சாதாரணக் குரோமோசோம் பரிசோதனையில் தெரியாதபடி சிறு துண்டுகள் விடுபட்டிருப்பதையும் அது காட்டும். ஆனால் 'என்ன விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம்' என்று ஒரு வரியும் அதில் வரலாம். அந்த வரியோடு மீதி மாதங்களைக் கழிப்பது எளிதில்லை. அப்படி வந்தால் எனக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவைத்துக்கொள்ளலாம்.

"எதுவா இருந்தாலும் பெத்துக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டோம். அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

நியாயமான கேள்வி. இரண்டு பதில் உண்டு, இரண்டுமே சரி.

முன்னாலேயே தெரிந்தால் தயாராகலாம் என்பது ஒன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் இருக்கும். தெரிந்திருந்தால், குழந்தைகளுக்கான இதய மருத்துவர்கள் இருக்கும் இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். எட்வர்ட்ஸ், பட்டாவ் என்றால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. அந்தச் சில மணி நேரத்தையோ சில வாரத்தையோ எப்படிக் குழந்தையோடு கழிப்பது என்று முன்பே யோசிக்கத் தாய்க்கு உரிமை உண்டு.

எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் வேறு பதில் சொன்னார். அவருக்கு 1:90. ஏற்கெனவே மூன்று முறை கலைந்திருந்தது. "இந்தப் பிள்ளைக்கு ஊசியால ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. தெரியாம இருக்கறதை நான் தாங்கிக்குவேன்" என்றார். ஆபத்தில்லாத ஸ்கேன்களை மட்டும் விடாமல் செய்துகொண்டார். எனக்குத் தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை, அதனால் நான் ஆம்னியோ செய்தேன். எங்கள் இருவர் கையிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாதிரியான தாள்தான். எது வந்தால் உங்களால் தாங்க முடியாது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். டெஸ்ட்டுக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.

"வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோபப்படுவாரா?"

கோபப்பட வேண்டிய விஷயமே இல்லை. விளக்குவது அவர் கடமை, ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்ததை எழுதிக் கையெழுத்து கேட்பார்கள், அது வழக்கம்தான். வாரம் தாண்டாத வரை மனம் மாறினாலும் தவறில்லை.

"அவர் பண்ணிடலாம்கிறார், எங்க அத்தை வேண்டவே வேண்டாம்கிறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

வயிறு உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையது. அத்தையின் பயத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் காலத்தில் பார்த்த ஏதோ ஓர் இழப்பு அதற்குள் இருக்கும். கணவரை அடுத்த ஆலோசனைக்கு அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வீட்டில் வந்து எடுத்துச் சொல்வதும், அவரே மருத்துவரிடம் நேரில் கேட்பதும் ஒன்றாகாது. பத்துப் பேரிடம் ரிப்போர்ட்டைக் காட்டாதீர்கள். முடிவு தெரிந்த பின் அந்தப் பத்துப் பேருக்கும் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

"ஆம்னியோவுலயும் உறுதியாயிடுச்சு அக்கா. இப்போ என்ன பண்றது?"

முதலில், அன்றைக்கே எதையும் முடிவு செய்யாதீர்கள். கர்ப்பத்தைத் தொடராமல் இருக்கச் சட்டம் எத்தனை வாரம் வரை அனுமதிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்குக் கடைசித் தேதி எது என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள் இருக்கிறது என்று தெரிந்தால் பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

மரபணு ஆலோசகர், குழந்தை நல மருத்துவர் இருவரையும் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால், அப்படிக் குழந்தை வளர்க்கும் ஒரு பெற்றோரிடமாவது பேசுங்கள். நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் அவர்கள் சராசரியாக 60 வயது வரை வாழ்கிறார்கள். பேசுவார்கள், படிப்பார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். ஒவ்வொருவரின் திறனும் வேறுபடும். பிறப்பதற்கு முன் அதைச் சொல்ல முடியாது. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இது குரோமோசோம் இடம்மாறியதால் வருகிறது. அந்த வகை என்றால் அடுத்த கர்ப்பத்துக்காகப் பெற்றோரின் குரோமோசோமையும் பார்க்க வேண்டும். தொடர்ந்தவர்களோடும் பேசியிருக்கிறேன், தொடராதவர்களோடும் பேசியிருக்கிறேன். இருவருமே அந்தக் குழந்தையை நேசித்தவர்கள். யாரும் இதில் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், என்னையும் சேர்த்து.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் எப்படி இருக்கறது?"

முக்கியமான சில குரோமோசோம்களுக்கான விரைவுப் பரிசோதனை இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். முழு முடிவுக்கு இரண்டு வாரம், சில சமயம் மூன்று. யார் அழைப்பார்கள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு என்பதை ஊசி போட்ட அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "நார்மலா, நார்மல் இல்லையா?" என்று நான் கத்தியதில் பேருந்தே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என் கையிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு உட்கார இடம் வாங்கித் தந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்ப அழைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.